பாகான் செராய் விதைக்கடை: தானியத்தின் நஞ்சை அறிந்து விற்கும் இடம்

தீவனச் சோள விதை ஒரு கிலோ கேட்டால், தராசின் பக்கம் போவதற்கு முன் இந்தக் கடைக்காரர் மூன்று கேள்விகள் கேட்பார். ஆடா, மாடா? வெட்டிப் போடுவீர்களா, மேய விடுவீர்களா? யூரியா போடும் பழக்கம் உண்டா? பதில் சொல்லாமல் விதை கிடைக்காது. அவசரமாக வருபவர்களுக்கு எரிச்சலாக இருக்கலாம். மலேசியாவின் கிரியான் மாவட்டத்தில் இவ்வளவு நாணயமான விதை வியாபாரத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை என்று சொல்ல எனக்கு அந்த மூன்று கேள்விகளே போதும்.

கடையின் பெயரை எழுத வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் அடையாளம் மட்டும் சொல்கிறேன். ரயில் நிலையத்திலிருந்து கடைத்தெருவை நோக்கி நடந்தால், பழைய இரண்டு மாடிக் கடைவீடுகளின் வரிசையில், வாசலில் உமி மூட்டைகள் அடுக்கியிருக்கும் கடை. உள்ளே இடப்பக்கம் பார்லி, கம்பு, சிவப்புச் சோளம், தவிடு, செம்பனைப் புண்ணாக்கு. வலப்பக்கம் விதைப் பொட்டலங்கள். பின்னால் உரம். பூச்சிமருந்துகள் கண்ணாடி அலமாரியில், பூட்டுடன். கல்லாவில் இருப்பவர் நாற்பது வயதைத் தாண்டியவர். என்னை டீச்சர் என்பார், நான் தம்பி என்பேன். அவருடைய தந்தையை எல்லோரும் பெரியவர் என்கிறோம். தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்து ஓய்வு பெற்றவர். சாக்கு ஊசியும் சணலுமாக வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். காது மந்தம், நினைவு மந்தமில்லை.

வயல் பக்கத்திலிருந்து மலாய் விவசாயிகள், காய்கறித் தோட்டம் போட்ட சீனர்கள், தோட்டத்து லயன்களில் ஆடு வளர்க்கும் நம்மவர்கள் என்று மூன்று கூட்டமும் இங்கே வருகிறது. இந்த வட்டாரத்தின் வரலாறே புல் குடும்பத்தைச் சுற்றியதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் முன்னோரைக் கிரியானுக்குக் கொண்டுவந்தது கரும்பு. 1906-இல் கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் முடிந்ததும் நெல் பெருகியது. ரப்பரும் செம்பனையும் பிறகுதான் இங்கே ஆட்சிக்கு வந்தன. கரும்பு, நெல், சோளம், மக்காச்சோளம், பார்லி எல்லாம் ஒரே குடும்பம். ஆனால் பகையை எதிர்க்க அவை உடம்பில் உண்டாக்கும் நஞ்சுகள் ஒன்றுக்கொன்று வேறானவை. ஒரு விதைக்கடையை நான் இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் மதிப்பிடுகிறேன். விற்கிற செடி எந்த வயதில், எந்தப் பாகத்தில், என்ன நஞ்சை வைத்திருக்கிறது என்பது விற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இடைநிலைப் பள்ளியில் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது என் உடன்பிறந்த தம்பியின் ஆட்டுக் கொட்டகையை ஒட்டி அரை ஏக்கரில் மக்காச்சோளமும் தீவனப் பயிரும் போடுகிறேன். ஆகவே இதை ஒரு வாடிக்கையாளரின் மதிப்பீடாகவும், பாடம் நடத்திய பழக்கம் விடாத ஒருத்தியின் பேச்சாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தீவனச் சோளம். நேப்பியர் புல்லை மட்டுமே நம்பியிருந்த ஆட்டுக்காரர்கள் இப்போது சோளத்தையும் தேடுகிறார்கள். வேகமாக வளர்கிறது, வறட்சியைத் தாங்குகிறது, ஆடு விரும்பித் தின்கிறது. ஆபத்தும் அந்த விருப்பத்தில்தான் இருக்கிறது. சோளத்தின் இளந்தாளில் துரின் என்ற பொருள் உண்டு. 1902-இல் டன்ஸ்டன், ஹென்றி என்ற இரண்டு ஆங்கிலேய வேதியியலாளர்கள் அதைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். துரின் இலையின் மேல்தோல் செல்களில் சர்க்கரையுடன் பிணைந்து கிடக்கிறது. அதை உடைக்கும் நொதி உட்புறச் செல்களில் இருக்கிறது. வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் தட்டில் தனித்தனியாக இருக்கும்வரை சிவப்பதில்லை, மென்றால்தான் சிவக்கிறது. சோள இலையும் அப்படித்தான். ஆட்டின் பல் பட்டு செல்கள் நசுங்கும்போது இரண்டும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படுகிறது. செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாமல் போகும். மூச்சு வாங்கி, கால் தடுமாறி, விழுந்த ஆட்டின் இரத்தம் வழக்கத்தைவிடப் பளிச்சென்ற சிவப்பாக இருக்கும். விடியற்காலையில் பட்டியில் அப்படி ஒன்றைப் பார்த்தவர்கள் பலர் பாம்பு தீண்டியது என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

கடைக்காரரின் கேள்விகளுக்குக் காரணம் இதுதான். துரின் இளம் பயிரில் செறிந்திருக்கும். பயிர் உயர உயரக் குறையும். வறட்சியில் வாடிய பயிரிலும், வெட்டிய பிறகு தழைக்கும் மறுதளிரிலும், தழைச்சத்து அதிகம் போட்ட நிலத்திலும் கூடும். ஆகவே மேய விடுபவர்களிடம், பயிர் இடுப்பளவு வரும்வரை வேலியைத் திறக்காதீர்கள் என்கிறார். யூரியா போடுபவர்களிடம் அளவைப் பிரித்துப் போடச் சொல்கிறார். காய்ந்த காலம் முடிந்து முதல் மழைக்கு வரும் தளிரைத் தொடவே கூடாது என்கிறார். நறுக்கி நீலப் பீப்பாயில் அழுத்தி மூடி, காற்றில்லாமல் புளிக்க வைத்துப் போடுவது நல்லது என்றும் சொல்கிறார். புளிக்கும்போதும், பிறகு திறந்து காற்றாட விடும்போதும் சயனைடு குறைகிறது. பொட்டலத்தின் மேல் தடித்த எழுத்தில் ‘இடுப்பு உயரம்’ என்று மையால் எழுதிக் கொடுப்பார். மலாய் வாடிக்கையாளருக்கு மலாயில், சீனருக்கு இலக்கமும் அளவுகோல் படமும். எந்த விதை நிறுவனமும் தன் பொட்டலத்தில் இவ்வளவு பெரிதாக இதை அச்சிட்டு நான் பார்த்ததில்லை.

இந்தத் துரினைச் சோளம் எங்கிருந்து பெற்றது என்பது மாணவர்களிடம் நான் விரும்பிச் சொல்லும் கதை. அதன் தொடக்கப் பொருள் டைரோசின். புரதம் செய்ய எந்த உயிருக்கும் வேண்டிய சாதாரண அமினோ அமிலம் அது. மூன்றே மூன்று நொதிகள் அதைத் துரினாக்குகின்றன: இரண்டு ஆக்சிஜன் ஏற்றுகின்றன, ஒன்று சர்க்கரையைப் பூட்டுகிறது. மூன்றின் ஜீன்களும் ஒரே குரோமோசோமில் அருகருகே இருக்கின்றன. கோபன்ஹேகனில் பிர்கர் லிண்ட்பெர்க் மொல்லரின் குழு பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தது. 2001-இல் அந்த மூன்று ஜீன்களையும் கடுகுக் குடும்பத்துச் சிறு செடி ஒன்றில் வைத்தார்கள். வழக்கமாக அந்தச் செடியைத் தின்னும் வண்டு அதைத் தின்ன மறுத்தது. அன்றாட அமினோ அமிலம் ஒன்றிலிருந்து மூன்று படியில் ஆயுதம்.

மரவள்ளியை இங்கே சொல்லாமல் விட முடியாது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அரிசி இல்லாமல் தோட்டத்து மக்கள் மரவள்ளிக் கிழங்கில் உயிர் பிடித்திருந்தார்கள். மூடி போடாமல் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தின்ன வேண்டும் என்பது என் அம்மா தன் அம்மாவிடம் கேட்ட பாடம். அதிலும் சயனைடுதான். ஆனால் மரவள்ளி அதை வேறு அமினோ அமிலத்திலிருந்து செய்கிறது. மரவள்ளி, சோளம், ஒரு தீவனப் பயறு என்று மூன்று செடிகளின் ஜீன்களை ஒப்பிட்டு 2011-இல் வெளிவந்த ஆய்வு, இவற்றின் ஜீன் தொகுதிகள் தனித்தனியாகவே உருவானவை என்று காட்டியது. ஒருவரிடமிருந்து ஒருவர் கற்காமல் மூன்று குடும்பங்களும் ஒரே நஞ்சுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. பெரியவரிடம் இதைச் சத்தமாகச் சொன்னேன். “பசித்த வாய் எல்லா ஊரிலும் ஒன்றுதானே அம்மா” என்றார்.

அடுத்தது மக்காச்சோள விதை. நான் அதிகம் வாங்குவது இதுதான். இனிப்பு வகைக் கலப்பின விதைகள் இளஞ்சிவப்புப் பூச்சுடன் வருகின்றன; அந்தப் பூச்சு பூஞ்சைக்கொல்லி. காலம் கடந்த பூச்சு விதையைப் பறவைத் தீவனத்தில் கலந்துவிடும் வேலையை வேறு ஊர்களில் கண்டிருக்கிறேன். புறா வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டும்: கழுவினாலும் அந்த மருந்து முழுமையாகப் போகாது. இங்கே காலம் கடந்த பொட்டலங்களைத் தனிப் பெட்டியில் போட்டு நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். என் கண் முன்னே ஒருவர் பாதி விலைக்குக் கேட்டார், தரவில்லை.

இளம் மக்காச்சோளப் பயிருக்கும் சொந்த மருந்து உண்டு. பெயர் டிம்போவா. கம்பு வகையைச் சேராத, குளிர்நாட்டுத் தானியமான ரை நாற்றுகளில்தான் இந்தக் குடும்பப் பொருள் முதலில் கண்டறியப்பட்டது. 1950-களில், பின்லாந்தில், 1945-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு பெற்ற அர்ட்டூரி விர்தானனின் ஆய்வுக்கூடத்தில். ஏன் சில ரை நாற்றுகளைப் பூஞ்சை தொடவில்லை என்று தேடப்போய் அதைக் கண்டார்கள். கோதுமையிலும் மக்காச்சோளத்திலும் அதன் உறவுப் பொருளான டிம்போவா இருக்கிறது. நாற்று முளைத்த முதல் சில வாரங்களில் இது செறிந்திருக்கும்; புழு தின்றால் செரிமானம் கெடும், அசுவினி உறிஞ்சத் தயங்கும். இதுவும் சர்க்கரையுடன் கட்டி ஓரிடத்தில் வைக்கப்பட்டு, உடைக்கும் நொதி வேறிடத்தில் வைக்கப்பட்ட ஏற்பாடுதான். கதிர் முற்றும்போது குறைந்துவிடுகிறது. நாம் வேகவைத்துத் தின்னும் மணியில் அஞ்ச ஒன்றுமில்லை.

இது எப்படி வந்தது என்பதை 1997-இல் மூனிக்கில் மோனிகா ஃப்ரே, அல்ஃபோன்ஸ் கீர்ல் குழுவினர் காட்டினார்கள். அறிவியலில் எனக்கு மிகப் பிடித்த கண்டுபிடிப்புகளில் ஒன்று. செடி ஒவ்வொன்றும் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்தைச் செய்துகொள்ள வேண்டும். அந்த வேலையின் கடைசிக் கட்டத்தில் இண்டோல் என்ற இடைப்பொருள் உண்டாகி, வெளியே நழுவாமல் உடனே டிரிப்டோபானாகிவிடும். புல் இனத்தில் அந்த நொதியின் ஜீன் எப்போதோ இரட்டிப்பானது. ஒரு நகல் பழைய வேலையைத் தொடர்ந்தது. மற்றது மெல்ல மாறி, இண்டோலைத் தனியாக வெளியேவிடத் தொடங்கியது. அதுதான் பிஎக்ஸ்1 என்ற ஜீன். வெளியே வந்த இண்டோலின்மேல் நான்கு நொதிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆக்சிஜன் ஏற்றுகின்றன. அந்த நான்கும் ஒரே வம்சத்தில் நகலாகிப் பிரிந்தவை. மக்காச்சோளத்தில் இந்த ஜீன்களில் பெரும்பாலானவை நான்காவது குரோமோசோமின் குறுங்கையில் நெருங்கி அமர்ந்திருக்கின்றன. தாவரங்களில் இப்படி நஞ்சு செய்யும் ஜீன்கள் கூட்டமாக இருக்கும் என்று உலகுக்குத் தெரிந்ததே இதிலிருந்துதான். வகுப்பில் நான் சொல்வது இதுதான்: பிழைப்புக்கு வேண்டிய ஜீன் ஒன்று பத்திரமாக இருந்ததால்தான் இரண்டாவது நகலுக்கு மாறிப் பார்க்கும் சுதந்திரம் கிடைத்தது.

ரொட்டி சானாய்க்கு மாவு தரும் கோதுமை இதே ஜீன்களை வைத்திருக்கிறது, ஆனால் இரண்டு வெவ்வேறு குரோமோசோம் தொகுதிகளில் பிரித்து. நெல்லிலும் சோளத்திலும் அவை இல்லை. பொது மூதாதையிடம் இருந்ததைச் சிலர் தொலைத்துவிட்டார்கள் என்பது பழைய விளக்கம். ஜீனோம்களை முழுமையாக ஒப்பிட்ட சில அண்மை ஆய்வாளர்கள், மக்காச்சோளத்தின் பக்கத்துப் புற்களிலிருந்து கோதுமையின் பக்கத்துப் புற்களுக்கு இந்தத் தொகுதி குறுக்கே கடந்து போயிருக்கலாம் என்கிறார்கள். விவாதம் நடக்கிறது. எனக்கு இரண்டாவது வாதம் வியப்பாக இருக்கிறது. ஏற்பதற்குக் கொஞ்சம் பொறுத்திருக்கிறேன்.

இவ்வளவு இருந்தும் என் மக்காச்சோளக் குருத்தை ஒரு புழு சல்லடையாக்குகிறது. படைப்புழு. அமெரிக்காவிலிருந்து 2016-இல் ஆப்பிரிக்காவுக்கும், 2018-இல் இந்தியாவுக்கும் வந்தது; மலேசியாவில் 2019-இல் பதிவானது. இந்தப் புழு மக்காச்சோளத்துடனே வளர்ந்த பகை. டிம்போவாவின் சர்க்கரையைச் செடியின் நொதி கழற்றிவிட்டால், புழு தன் குடலில் மறுபடியும் ஒரு சர்க்கரையைத் திருப்பிய கோணத்தில் மாட்டிவிடுகிறது. அந்தக் கோணத்தில் இருப்பதைச் செடியின் நொதியால் கழற்ற முடியாது. ஜெர்மனியின் யேனா நகரத்து ஆய்வாளர்கள் 2014-இல் இதைக் கண்டறிந்தார்கள். ஆகவே “எங்கள் விதைக்கு இயற்கையிலேயே எதிர்ப்பு உண்டு, மருந்தே வேண்டாம்” என்று யாராவது மக்காச்சோள விதை விற்றால் நம்பாதீர்கள். எதிர்ப்பு உண்டு, எல்லாப் புழுவுக்கும் இல்லை. கடைக்காரர் அப்படிச் சொல்லி விற்பதில்லை. விதைத்த வாரத்திலிருந்து குருத்தைப் பிரித்துப் பாருங்கள், முட்டைக் குவியலைக் கையால் நசுக்குங்கள், மிஞ்சினால் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா மருந்தை மாலையில் தெளியுங்கள் என்கிறார். புழு சிறிதாக இருக்கும்போது தெளித்தால் இது வேலை செய்கிறது. வளர்ந்த புழு குருத்துக்குள் எச்சத்தை அடைத்துக்கொண்ட பிறகு எதைத் தெளித்தும் பயனில்லை. இதையும் அவரே சொல்லி, தேவையில்லாத போத்தலை விற்காமல் என்னைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

பார்லி மூட்டை இங்கே இரண்டு வகை. தீட்டிய முத்துப் பார்லி, பார்லித் தண்ணீருக்கு. உமியுடன் உள்ளது, முளைக்க வைத்துத் தீவனப் பாய் வளர்ப்பவர்களுக்கு. தீட்டியதை முளைக்கப் போட்டு முளைக்கவில்லை என்று திரும்பி வருபவர்கள் உண்டு என்பதால் இரண்டாவது மூட்டையில் ‘விதை’ என்று பலகை குத்தியிருக்கிறார். பார்லியின் கதை தனி. தென்னமெரிக்கக் காட்டுப் பார்லி இனங்கள் சிலவற்றில் டிம்போவாவின் உறவுப் பொருள் இருக்கிறது. நாம் பயிரிடும் பார்லியிலும் அதன் காட்டு மூதாதையிலும் அது இல்லை; பதிலாகக் கிரமின் என்ற வேறு பொருள் இலையில் இருக்கிறது. ஒன்று இருக்கும் இனத்தில் மற்றது இல்லை. கிரமின் டிரிப்டோபானிலிருந்து செய்யப்படுகிறது. அதை உண்டாக்கும் நொதிகளை ஜெர்மனியில் ஹனோவர் ஆய்வாளர்கள் 2024-இல் முழுமையாக வெளியிட்டார்கள். இரண்டே ஜீன்கள், அவையும் அருகருகே. ஒரே மூலப்பொருளுக்குப் பக்கத்தில் ஓர் ஆயுதத்தை விட்டுவிட்டு இன்னொன்றைப் பழகிய குடும்பம் இது. பயிரிடும் பார்லி வகைகள் சிலவற்றில் கிரமினும் கிடையாது. கால்நடைக்குச் சுவை கூடியது நல்லதுதான். அசுவினிக்கும் அதே சுவைதான்.

ஓட்ஸைப் பற்றி ஒரு வரி போதும். இங்கே அவலாக மட்டும் கிடைக்கிறது. ஓட்ஸ் தன் வேரில் அவெனாசின் என்ற பொருளை வைத்து, கோதுமை வேரை அழிக்கும் பூஞ்சையிலிருந்து தப்புகிறது. நாரிச் நகரில் ஆன் ஆஸ்போர்னின் குழு அதன் ஜீன் தொகுதியை விரித்துக் காட்டியது. வேர் நம் தட்டுக்கு வருவதில்லை.

உமிக்கு வருகிறேன். மூட்டை மூன்று வெள்ளி (ரிங்கிட்). கோழிக் கொட்டகைக்குப் பரப்பவும் பாத்திக்கு மூடாக்கு போடவும் வாங்குகிறோம். கிரியான் ஆலைகளிலிருந்து வரும் காய்ந்த, நாற்றமில்லாத உமி. நாற்றங்காலில் விதை போட்ட பாத்தியின்மேல் புது உமியைக் கெட்டியாகப் பரப்ப வேண்டாம் என்று பெரியவர் எல்லோரிடமும் சொல்வார். பழக்கத்தில் வந்த அறிவு. 1973-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நெல் உமியிலிருந்து மோமிலாக்டோன் என்ற பொருள்களைப் பிரித்தார்கள். மற்ற விதைகளின் முளைப்பையும் வளர்ச்சியையும் தடுப்பவை அவை. நெல் தன் வேரிலிருந்தும் அவற்றை மண்ணில் கசியவிடுகிறது. அதைச் செய்யும் ஜீன்களும் நெல்லின் நான்காவது குரோமோசோமில் கூட்டமாகவே இருக்கின்றன. பாத்தியின் உமியில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்பது மழையைப் பொறுத்தது. ஆனால் நனைத்து ஆறவிட்ட பழைய உமியைப் போடச் சொல்லும் பெரியவரின் வழி சரியானது என்றே படுகிறது.

வயலில் நெல்லுடன் போட்டியிடும் களை ஒன்றை மலாய் விவசாயிகள் சம்பாவ் என்பார்கள். நம் குதிரைவாலியின் காட்டு உறவு. 2017-இல் அதன் ஜீனோமை ஆராய்ந்தபோது மக்காச்சோளத்தின் டிம்போவா தொகுதி, நெல்லின் மோமிலாக்டோன் தொகுதி இரண்டுமே அதனிடம் இருப்பது தெரிந்தது. நெல்லுக்கு அருகில் வளர்க்கும்போது டிம்போவா ஜீன்கள் விழிக்கின்றன. குலைநோய்ப் பூஞ்சை வந்தால் மோமிலாக்டோன் ஜீன்கள். கைக்களை எடுத்து முதுகு ஒடிந்த எந்த விவசாயியும் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்.

இப்போது குறைகள். பெரியது ஒன்று. கல்லாவுக்கு எதிரே ‘முளைகட்டிய பலதானிய மாவு’ என்ற பொட்டலங்களை வைத்திருக்கிறார், வெளியூர்த் தயாரிப்பு. பட்டியலில் முளைகட்டிய சோளமும் இருக்கிறது. காய்ந்த சோள மணியில் துரின் ஏறக்குறைய இல்லை. முளைத்ததும் தளிரில் ஏராளமாக உண்டாகிறது. ஆப்பிரிக்காவில் சோளத்தை முளைகட்டிப் பயன்படுத்தும் வீடுகளில் முளையையும் வேரையும் தேய்த்து நீக்கிவிட்டு, பிறகு மாவாக்கி நன்றாக வேகவைக்கும் முறை இருக்கிறது. இந்தப் பொட்டலத்தில் முளை நீக்கப்பட்டதா என்று ஒரு சொல் இல்லை. ‘வெந்நீரில் கலந்து குழந்தைக்கு உடனே கொடுக்கலாம்’ என்று மட்டும் இருக்கிறது. கேழ்வரகை முளைகட்டுவதில் இந்தச் சிக்கல் இல்லை; அதைப் பார்த்துச் சோளத்துக்கும் செய்கிறார்கள். ஆட்டுக்கு இடுப்பு உயரம் என்று எழுதிக் கொடுக்கும் கடையில் குழந்தைக்கு அந்த எச்சரிக்கை இல்லாதது எனக்குத் தாங்கவில்லை. சொன்னேன். பொட்டலத்தைக் கையில் எடுத்து மறுபடி படித்தவர், தயாரிப்பாளரைக் கேட்டுவிட்டு வைக்கிறேன் என்று அந்த அடுக்கை உள்ளே எடுத்துப்போனார். அடுத்த முறை சென்றபோது சோளம் இல்லாத கேழ்வரகு மாவு மட்டும் இருந்தது. அது தொடர வேண்டும் என்பதற்காகவே இங்கே எழுதி வைக்கிறேன்.

சிறு குறைகளும் உண்டு. விதை அலமாரி வாசல் வெயில் படும் சுவரில் இருக்கிறது. பிற்பகலில் பொட்டலங்கள் கைக்குச் சூடாக இருக்கின்றன. வெண்டை, பயற்றங்காய் விதைகளுக்கு அது நல்லதில்லை. சில்லறையாக அளந்து தரும் விதையில் முளைப்புத் திறன் சோதித்த தேதி இருப்பதில்லை. அட்டை வாங்குவதில்லை, ரொக்கம்தான். விலை பெரிய நகரத்துக் கடைகளைவிடச் சற்று அதிகம். ஆனால் எடை சரியாக இருக்கிறது, மூட்டையின் அடியில் ஈரம் பூத்த தவிடு எனக்கு இங்கே கிடைத்ததில்லை.

பூச்சிமருந்து அலமாரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் அம்மா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர். செம்பனை வந்த பிறகு களைக்கொல்லி தெளிக்கும் பெண்கள் கூட்டத்தில் சேர்க்கப்பட்டார். முதுகில் தொட்டி, கையுறை இல்லை, மூக்கில் கிழிந்த துணி. நகங்கள் கறுத்து உதிர்ந்தன. பராகுவாட் என்ற களைக்கொல்லி மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது. அதைத் தெளித்த பெண்களுக்கு அந்தத் தடை மிகத் தாமதமாக வந்தது. அதனால் மருந்தைக் குடிநீர்ப் போத்தலில் ஊற்றிக் கொடுக்கும் கடையில் நான் கால் வைப்பதில்லை. இவர் சில்லறையாக ஊற்றிக் கொடுப்பதில்லை, கேட்டு நச்சரிப்பவர்களிடம் குரல் உயர்த்தவும் தயங்குவதில்லை. மருந்து வாங்குபவரைக் கையுறை வாங்காமல் விடுவதும் இல்லை. செடியே செய்துகொள்ளும் மருந்து எது, அது எங்கே தோற்கிறது என்று தெரிந்த ஒருவர் விற்பதால் தேவைக்கு மேல் ஒரு போத்தலும் வெளியே போவதில்லை. இந்தத் தோட்டங்களில் தெளிப்பவர்கள் இன்றும் பெரும்பாலும் ஏழைகள். அவர்கள் தோலுக்கு இது நேரடியான வித்தியாசம்.

ஞாயிறு மதியம் அடைத்துவிடுகிறார்கள். தீபாவளி வாரம் முழுவதும் விடுமுறை. உமிக்குச் சாக்கு நீங்களே கொண்டுபோனால் ஐம்பது காசு குறையும். தீவனச் சோள விதை எப்போதும் இருப்பதில்லை, முன்கூட்டிச் சொல்லி வைக்க வேண்டும். சொல்லும்போது ஆட்டுக் கணக்கையும் யூரியாக் கணக்கையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் லோரி நின்றால் இறக்கி முடியும்வரை பெரியவரின் பக்கத்து நாற்காலியில் உட்காரலாம். அவரிடம் பேசுவதானால் வலது காதுப் பக்கம்.